குரங்கிடமிருந்து மீட்ட செக்

பின் தேதி போட்டு செக் எழுதும்போது எங்கள் மலையில் யாரும் காலண்டரைப் பார்ப்பதில்லை. காப்பிச் செடியைத்தான் பார்ப்போம். பழம் சிவக்கும், பறிப்போம், காயவைப்போம், வியாபாரி பணம் போடுவார், ஆகவே இந்தத் தேதி என்று எழுதிவிடுவோம். மழையிடம் யாரும் யோசனை கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை.

மஞ்சக்குட்டையில் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர், பள்ளிக்கூடத்துக்குத் தானே ஓட்டிப்போன ஜீப்பை எனக்கு விற்றார். கையில் காசில்லை. ஒரு திங்கட்கிழமைத் தேதி போட்டு செக் கொடுத்தேன். செக் பாஸானால் வண்டி என் பெயருக்கு மாறும், திரும்பி வந்தால் வண்டியும் அவரிடமே திரும்பிப் போகும் என்று பேச்சு. அதை அடிவாரத்துக்கு ஷேர் ஜீப்பாக ஓட்டித்தான் என் வீட்டில் அடுப்பு எரிந்தது.

மழை பிடித்துக்கொண்டது. காப்பி காயவில்லை. புதன்கிழமைதான் பணம் போட முடியும் என்று வியாபாரி சொல்லிவிட்டார். டீச்சரிடம் போய் இரண்டு நாள் பொறுக்கச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

திங்கட்கிழமை காலை அவர் கைப்பையோடு வந்து என் ஜீப்பிலேயே முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். சேலத்தில் பேங்க் வேலையாம். என் தலையில் போட வேண்டிய கல்லை நானே சுமந்துகொண்டு மலையிறங்கினேன். அதற்கு டிக்கெட் காசு வேறு வாங்கிக்கொண்டேன்.

ஒரு நாளாவது தள்ளட்டும் என்று, பேங்க் மூடும்வரை மலையிலேயே இழுத்தடிக்க முடிவு செய்தேன். ஒரு வளைவில் இறங்கி டயரைத் தட்டிப் பார்த்தேன். இன்னொரு வளைவில் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றினேன். பின்சீட்டில் கொய்யாக் கூடையோடு இருந்த அக்கா முணுமுணுத்தார். டீச்சர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். அடுத்த வளைவில் எதையாவது தட்டலாம் என்று நிறுத்தினேன், வண்டி நிஜமாகவே கிளம்ப மறுத்துவிட்டது.

டீச்சர் கைப்பையை என்னிடம் கொடுத்துவிட்டு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு பானெட்டைத் திறந்தார். பையிலிருந்து ஒரு பாலிதீன் கவர் எட்டிப்பார்த்தது. உள்ளே என் செக். தின்பண்டம் என்று நினைத்து ஒரு குரங்கு அதை உருவிக்கொண்டு தடுப்புச் சுவரில் போய் உட்கார்ந்தது.

எனக்கு ஒரே சந்தோஷம், மறைப்பானேன். அந்தக் குரங்குக்கு மாலையே போட்டிருப்பேன். ஆனால் ஜீப்பில் இருந்த யாரும் குரங்கைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்தார்கள், நானே பேசிவைத்து அதை வரவழைத்த மாதிரி. மானம் போகிறதே என்று கூடையிலிருந்து ஒரு கொய்யாவை எடுத்து நீட்டினேன். மசியவில்லை. கும்பிட்டேன். சாமி, ராசா என்று கொஞ்சினேன். நல்ல பெரிய பழமாகப் பார்த்து நீட்டிய பிறகுதான் கவரைக் கீழே போட்டது. செக்கில் தேதி இருந்த மூலை அதன் வாயில் போயிருந்தது.

டீச்சர் கையைத் துடைத்துக்கொண்டு அதை வாங்கிப் பார்த்தார்.

“கொரங்குகிட்ட இத்தன கெஞ்சற. எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா கண்ணு?”

அந்த வியாபாரி அவருக்கும் பழக்கமாம். பணம் புதன்கிழமைதான் வரும் என்று அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது. நான் எப்போது வாயைத் திறப்பேன் என்று வளைவுக்கு வளைவு பார்த்துக்கொண்டே வந்திருக்கிறார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. டேஷ்போர்டிலிருந்து செக் புத்தகத்தை எடுத்து மட்கார்டின் மேல் வைத்துப் புதிதாக எழுதினேன். புதன் என்று போடப் போனேன். வியாபாரியை நம்பாதே, அடுத்த திங்கள் போடு என்றார் டீச்சர். வண்டியும் அவர் கைபட்டதும் கிளம்பிவிட்டது.

ஏறப் போனபோது கொய்யாக்கார அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

“ஏனுங்க, பழத்துக்குக் காசு?”

செக் புத்தகம் இன்னும் என் கையில்தான் இருந்தது. அவர் அதைப் பார்த்துவிட்டு இரண்டடி பின்வாங்கினார்.

“நோட்டாவே குடுத்துருங்க. எனக்கு அதெல்லாம் வேண்டாமுங்க.”