உள்ளங்கை எழுத்து

என் ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தின் பதினோராம் பக்கத்தை எங்கள் வெள்ளாடு தின்றுவிட்டது. ஆட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. நான்தான் பெயிலானேன்.

எனக்கு எழுத்து வராது. ப, ம, ய மூன்றும் என் கண்ணுக்கு ஒரே வயிற்றில் பிறந்த பிள்ளைகள். எது எது என்று பிடிபடுவதற்குள் இடம் மாறி உட்கார்ந்துகொள்ளும். ஆனால் காது மட்டும் படு கூர்மை. மற்றப் பிள்ளைகள் வாசிப்பதைக் கேட்டே புத்தகம் முழுவதையும் மனப்பாடம் செய்துவிட்டேன். பரீட்சை வைக்க வந்த இன்ஸ்பெக்டர் வாசிக்கச் சொன்னதும், வரி வரியாக விரலை ஓட்டிக்கொண்டு ராகம் போட்டு வாசித்தேன். பத்தாம் பக்கம் முடிந்ததும் மூச்சு விடாமல் பதினோராம் பக்கத்தையும் வாசித்தேன். அந்தப் பக்கம் புத்தகத்தில் இல்லை என்பது எனக்குத் தெரியாது. புத்தகத்தை வாங்கிப் புரட்டிப் பார்த்த இன்ஸ்பெக்டருக்குத் தெரிந்துவிட்டது.

அது யுத்த காலம். பென்னாகரத்திலிருந்து காட்டுப் பக்கம் போகும் வழியில் எங்கள் ஊர். ஒரே அறைதான் பள்ளிக்கூடம். ஐந்து வகுப்பும் அதற்குள். அப்போதிருந்த பெரிய வாத்தியார் என்னை மணலில் முட்டி போட வைத்துப் பார்த்தார், புளிய விளாரால் அடித்தும் பார்த்தார். இரண்டுக்கும் எழுத்து மசியவில்லை. இரண்டாம் முறையும் நான் பெயிலான அன்று, அப்பா முடிவாகச் சொல்லிவிட்டார்.

“இன்னும் ஒரு வருசம் பாக்கறேன். அப்பவும் ஒண்ணாங்கிளாஸ்லியே குந்திக்கினு இருந்தா, ஆட்டைப் பத்திக்கினு காட்டுக்குப் போவட்டும்.”

ஆடு மேய்ப்பது எனக்குப் பிடிக்காத வேலை இல்லை. ஆனால் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றால், நான் மக்கு என்று ஊரே முடிவு கட்டிவிடும். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஒருத்தரிடமும் சொல்லாமல் தொழுவத்துக்குப் பின்னால் போய் அழுதுவிட்டு வந்தேன்.

அந்த வருடம் பெரிய வாத்தியாருக்கு மாற்றலாகி, அவர் இடத்துக்குப் புது வாத்தியார் ஒருவர் வந்தார். மீசை சரியாக முளைக்காத முகம். சேலத்தில் டவுனிலேயே வளர்ந்தவர். அவருக்கு மாட்டைக் கண்டால் பயம். மாட்டுக்குப் பயந்தவரை எங்கள் ஊருக்கு அனுப்பியவர்களை என்னவென்று சொல்வது! தெருவில் ஒரு கன்றுக்குட்டி தலையைத் தூக்கினால்கூட, புத்தகக் கட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வேலியோரம் ஒதுங்கி நிற்பார். பள்ளிக்கூடம் முடிந்ததும் அவருக்கு முன்னால் ஓடி மாடுகளை விரட்டி வழி செய்து தருவது என் வேலையாயிற்று. விளார் எடுக்காத வாத்தியாருக்கு அந்த மரியாதைகூடச் செய்யாவிட்டால் எப்படி?

ஒருநாள் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பா என் விஷயத்தையும், ஆட்டு விஷயத்தையும் அவரிடம் ஒன்று விடாமல் சொன்னார். வாசல் ஓரம் அத்தை மகன் நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தான். அவனுக்கு என்னைவிட ஒரு வயது கூட. பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்தில் வாழ்க்கைப்பட்டிருந்த அத்தை, மாமா தவறிய பிறகு அவனைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. வரும்போதே பெரியம்மையில் அவனுக்கு இரண்டு கண்ணும் போயிருந்தது. வாத்தியார் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, தானும் கடலை உரித்துக்கொண்டே வெகுநேரம் தாழ்ந்த குரலில் பேசினார். நான் மாட்டை அந்தப் பக்கம் வராமல் பிடித்துக்கொண்டிருந்ததால் பேச்சு ஒன்றும் காதில் விழவில்லை.

மறுநாள் அத்தை மகனும் பள்ளிக்கூடம் வந்தான். அத்தைக்கே ஆச்சரியம். வாத்தியார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“கண்ணு தெரியாத பையனுக்கு எழுத்து எப்படிச் சொல்லிக் கொடுக்கறதுன்னு எனக்குத் தெரியலம்மா. நீ கொஞ்சம் ஒத்தாசை பண்ணணும். அவன் உள்ளங்கையில விரலால எழுதிக் காட்டு. அப்புறம் அவன் உன் கையில எழுதட்டும். அவன் எழுதறப்ப நீயும் கண்ணை மூடிக்கணும். அப்பத்தான் அவனோட கஷ்டம் உனக்குப் புரியும்.”

ஒன்றாம் வகுப்பில் மூன்றாவது வருடம் குந்தியிருந்த எனக்கு ஒரு மாணவன்! தலை கால் புரியவில்லை. வாத்தியாருக்கே தெரியாத வேலை என் கைக்கு வந்திருக்கிறது என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டேன்.

தினமும் பள்ளிக்கூடத்துப் புங்க மரத்தடியில் எங்கள் இருவர் வகுப்பும் நடந்தது. வாத்தியார் ஒரு எழுத்தை மணலில் பெரிதாகப் போட்டுவிட்டுப் போய்விடுவார். அதன்மேல் நான் பலமுறை விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, அவன் உள்ளங்கையில் எழுதுவேன். அடுத்து நான் கண்ணை மூடிக்கொள்ள, அவன் என் கையில் எழுதுவான். என் மாணவன் லேசுப்பட்டவன் இல்லை. அ, இ, க எல்லாம் ஒரே தடவையில் பிடித்துக்கொள்வான். ப, ம, ய வந்தால் மட்டும் குழம்பிப்போவான். ம எழுதச் சொன்னால் ப எழுதுவான்.

“மாமா! எத்தினி வாட்டி சொல்றது? இது ப-ங்க!”

முறை மாறாமல் ‘மாமா’ என்று கூப்பிட்டுக்கொண்டே அவன் தலையில் நறுக்கென்று குட்டுவேன். அவன் தலையைத் தடவிக்கொண்டு, “மறுபடி சொல்லு புள்ள,” என்பான்.

அவனுக்கு எப்படிப் புரிய வைப்பது என்று நானே மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு வழி கண்டுபிடித்தேன். விரல்தான் ஆடு. பள்ளத்தில் இறங்கி, தரையில் நடந்து, எதிர் மேட்டில் ஏறி அங்கேயே நின்றுவிட்டால் ப. ஏறிய ஆடு வளைந்து பட்டிக்குள் திரும்பினால் ம. இதைச் சொன்னதும் அவன், “அடேங்கப்பா!” என்றான். தூரத்தில் நின்ற வாத்தியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இருமுகிறார் என்று நினைத்தேன்.

இன்ஸ்பெக்டர் வரும் நாள் வந்தது. முன்பு வந்த அதே மனிதர். என்னையும் மறக்கவில்லை, பதினோராம் பக்கத்தையும் மறக்கவில்லை. புத்தகத்தைத் தொடாமல், சுண்ணாம்புக் கட்டியால் கரும்பலகையில் தானே ஒரு வரி எழுதினார்.

“இதை வாசி, பார்க்கலாம்.”

எழுத்துகள் வழக்கம்போல் நெளிய ஆரம்பித்தன. ஜன்னலுக்கு வெளியே அப்பா நின்றுகொண்டிருந்தார். ஆட்டுக் கழி அவர் கையிலேயே இருந்தது. என்னையறியாமல் என் வலது கை விரல் இடது உள்ளங்கையில் இறங்கியது. பலகையில் முதல் எழுத்தைப் பார்த்தபடி விரலை விட்டேன். இறங்கியது, நடந்தது, ஏறியது, மேட்டிலேயே நின்றது.

“ப...”

“கையில் என்ன, சொறியா?” என்றார் இன்ஸ்பெக்டர். பிள்ளைகள் சிரித்தார்கள்.

“இல்லீங்க சார். படிக்குது,” என்றார் வாத்தியார். மாட்டுக்கு நடுங்குகிறவரின் குரல் அன்று நடுங்கவில்லை. “அது முடிக்கிற வரைக்கும் கொஞ்சம் பொறுக்கணுங்க.”

இன்ஸ்பெக்டர் பொறுத்தார். நானும் ஒவ்வொரு எழுத்தாக உள்ளங்கையில் நடந்தேன். நான் எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டேனோ தெரியாது, வாத்தியாரின் சட்டை முதுகு முழுவதும் நனைந்திருந்தது.

“பசு... மலை மேல்... மேயும்.”

பாஸ்! ஜன்னலில் அப்பாவைக் காணோம். கழியைத் தூக்கிக்கொண்டு தானே ஆடுகளிடம் போய்விட்டிருந்தார்.

அன்று எனக்கு ஒரே ஒரு மனக்குறை. அத்தை மகனைக் காட்டி, இவன் எந்த வகுப்பு என்று இன்ஸ்பெக்டர் கேட்டபோது, “மூணாவதுங்க,” என்றார் வாத்தியார். மனக்கணக்கு கேட்டதற்கெல்லாம் அவனும் டக் டக்கென்று பதில் சொன்னான். நான் குட்டிக் குட்டி எழுத்துச் சொல்லிக்கொடுத்தவன் எனக்கு மேல் வகுப்பா? பாவம் பார்த்துப் போட்டிருக்கிறார் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

வருடங்கள் ஓடின. அத்தை மகன் பென்னாகரம் சந்தையில் கயிற்றுக் கடை வைத்தான், கல்யாணமும் ஆயிற்று. அவன் தன் மகனைப் பள்ளியில் சேர்த்த அன்று நானும் கூடப் போயிருந்தேன். வழக்கம்போல அந்தப் பையனிடம், “உங்கப்பனுக்கு எழுத்துச் சொல்லிக் குடுத்ததே நாந்தான்டா,” என்று பெருமை பேசினேன்.

அத்தை மகன் சிரித்தான். அப்புறம் சொன்னான்.

“அம்மை போடறதுக்கு முன்னாடியே எங்க ஊர்ல நான் ரெண்டாங்கிளாஸ் முடிச்சிட்டேன் புள்ள. ‘உனக்குத் தெரியும்னு அதுகிட்ட காட்டிக்காதே. அது எங்க தடுமாறுதோ அங்க நீயும் தடுமாறு’ன்னு அன்னிக்குக் கடலை உரிக்கறப்ப வாத்தியார் சத்தியம் வாங்கிட்டாரு. என்னியும் மறுபடி பள்ளிக்கூடத்துல சேத்துக்கறேன்னாரு. அந்த ஒரு வார்த்தைக்காக நான் எதை வேணும்னாலும் செஞ்சிருப்பேன்.”

அவன் தலையைப் பார்த்தேன்.

“அப்ப நான் குட்டுனதெல்லாம்?”

“வலிச்சுதுதான்,” என்றான்.

அந்த வாத்தியார் மூன்று வருடத்தில் மாற்றலாகிப் போனார். அவர் பஸ் ஏறிய அன்றும் நான்தான் முன்னால் ஓடி மாடுகளை விரட்டினேன். என் துணை இல்லாவிட்டால் இந்த மனிதர் அடுத்த ஊரில் எப்படிப் பிழைப்பாரோ என்று அன்று நிஜமாகவே கவலைப்பட்டேன்.