மரியாதை தெரிந்த ஊசி

மதினி வீட்டுக் குழாயில் அந்த அழுத்தமானி இன்னமும் மாட்டியபடியே இருக்கிறது. உள்ளங்கையளவு வட்ட முகம், ஒரு கறுப்பு ஊசி. வீடு பூட்டிக் கிடக்கிறது. ஞாயிறுதோறும் மேடேறிப் போய் ஊசியைப் பார்த்துவிட்டு வருகிறேன். கோயிலுக்குக்கூட இவ்வளவு ஒழுங்காகப் போனவனில்லை.

மதினி என் பெரியப்பா மகனின் மனைவி. அண்ணன் இறந்த பிறகு, பசறைக்கு மேலே தேயிலைச் சரிவிலுள்ள அந்த வீட்டில் தனியாக இருந்து கொழுந்து பறித்தார். அதே சரிவில், கீழே என் வீடு. உச்சியிலுள்ள தொட்டியிலிருந்து இறங்கும் ஒரே குழாய்தான் முதலில் அவருக்கும் பிறகு எனக்கும் தண்ணீர் தருகிறது. பதுளையில் அளவைக் கருவிகளைப் பற்றிப் பாடம் நடத்திப் பிழைக்கிறவன் நான். அளக்கிறவனே அளவைக் கெடுத்துவிடக் கூடாது என்பது என் முதல் வகுப்பு. மாணவர்கள் அக்கறையாக எழுதிக்கொள்வார்கள்.

சென்ற வருடம் ஒற்றை ஆளான எனக்கென்று ஒரு புதுக் குளியலறை கட்டி, அகலமான குழாய் இழுத்தேன். திறந்தால் தலையில் அடைமழை கொட்டும். சில வாரங்களில் மதினி வந்து, குழாயில் வெறும் காற்று சீறுவதாகச் சொன்னார். அழுத்தமானியோடு போனேன். ஊசி நிமிர்ந்து நின்றது. மறுபடி போனேன், மறுபடியும் நின்றது.

"குறையே இல்லையே மதினி."

"நீங்க வந்தா மட்டும் எந்திரிச்சு நிக்குதுங்க கொழுந்தனாரே. படிச்சவங்கள பாத்தா அதுக்கும் மரியாதை போல."

ஒருநாள் கருவியைக் கழற்ற மறந்து வீடு திரும்பிக் குளித்துவிட்டு, ஈரத் தலையோடு எடுக்கப் போனேன். ஊசி சுழியத்தில் படுத்திருந்தது. காலி வாளியருகே மதினி உட்கார்ந்திருந்தார்.

"பாருங்க, நீங்க போனதும் படுத்துருச்சு."

என் தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கணக்குப் போடத் தேவையில்லை. கீழே நான் திறந்தால் மேலே அவருக்கு அழுத்தம் இல்லை; மூடிய பிறகும் வடிந்த குழாய் மறுபடி நிரம்ப வெகுநேரமாகும். நான் இங்கே நின்று அளக்கும்போது அங்கே குளிப்பதில்லை. என் பக்கத்து வால்வைப் பாதி மூடினால் முடிந்தது.

"தொட்டியில ஏதோ அடைப்பு, பார்க்கிறேன்" என்றேன்.

நாளையிலிருந்து மூடிவிட வேண்டும் என்று தினமும் காலையில் நினைத்தேன், அந்த மழைக்கு அடியில் நின்றபடியே. மதினி பள்ளத்தில் ஊற்றுநீர் விழும் பீலியில் தண்ணீர் பிடித்துச் சுமந்தார். முழங்கால் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் பெரகலையிலுள்ள மகள் வீட்டுக்குக் கிளம்பினார்.

"ஊசிய கழட்டாதீங்க. நீங்க வந்தா எந்திரிக்க ஒரு ஆளு வேணும்ல."

அன்று மாலையே வால்வைத் திருகினேன். இப்போது என் அடைமழை தூறலாகிவிட்டது. வாளியில் பிடித்துக் கோப்பையால் மொண்டு குளிக்கிறேன். யாரும் இல்லாத வீட்டில் ஊசி எந்நேரமும் நிமிர்ந்து நிற்கிறது.

இன்று அதன் முன் நிற்கும்போது தொலைபேசியில் மதினி.

"நம்ம ஊசி எப்படி இருக்கு?"

"நின்னுக்கிட்டேதான் இருக்கு மதினி."

"அப்ப தண்ணி வருதா? நான் வந்துரவா?"

"வாங்க மதினி."

சந்தோஷமாகச் சிரித்தார். பிறகு கேட்டார்: "அப்படி என்னதாங்க அடைச்சிருந்துச்சு?"

ஊசி அசையாமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"நான்தான் மதினி" என்றேன்.

 அந்தப் பக்கம் ஒரு குழாய் வாளியில் கொட்டிக்கொண்டிருந்தது கேட்டது.