காற்று என்று எழுதியவள்

ஆய்வு நிலையத்தில் அவளைக் ‘காத்தக்கா’ என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். செவ்வாய்க் கோளில் இறக்கிவைத்த நிலநடுக்கக் கருவி அனுப்பும் கோடுகளைப் பார்த்து, எந்த அதிர்வு எதனால் வந்தது என்று பதிவேட்டில் எழுதுவது அவள் வேலை. பெரும்பாலும் காற்று. மிச்சம், குளிரில் கருவியே முறுக்கிக்கொள்ளும் சத்தம்.

சேர்ந்ததிலிருந்தே ஒப்பந்தம்தான். நிரந்தரமானால் அண்ணன் வீட்டை விட்டு வெளியேறலாம். அங்கே அவளுக்கு இருந்தது இஸ்திரி மேசைக்குப் பின்னால் ஒரு கட்டில்.

“எங்கேயோ காத்தடிச்சா இங்க உக்காந்து எழுதறதுக்கு ஒரு சம்பளம். குடுத்துவெச்சவ நீ” என்பாள் அண்ணி, துணியை அவள் கட்டிலிலேயே குவித்தபடி.

செவ்வாயில் அந்தி சாய்ந்தால் காற்று அடங்கிவிடும். அப்படி அடங்கிய நேரத்தில் ஒருநாள் கோடு எழும்பியது. முதலில் சின்ன அதிர்வு, பிறகு பெரியது. இரண்டும் ஓய்ந்து சில நிமிடம் கழித்து, மெதுவாக மூன்றாவது ஒன்று. அது மண் வழியாக வந்ததல்ல. அங்குள்ள மெல்லிய காற்றின் வழியாக வந்த ஒலி. வானத்திலிருந்து ஏதோ விழுந்து வெடித்தால்தான் அப்படி வரும். முதல்முறையாக அவள் ‘விண்கல்’ என்று எழுதினாள்.

பிரிவுத் தலைவர் பதிவேட்டோடு கூடத்துக்கு வந்தார்.

“நாயக் கண்டா கல்லக் காணோம்பாங்க. நம்ம காத்தக்காவுக்கு நாயே இல்லாம கல்லு கெடச்சிருக்கு!”

எல்லோரும் சிரித்தார்கள்.

“சார், அந்த நேரத்துல அங்க காத்தே கெடையாது. மூணாவது அலையப் பாருங்க.”

“பாத்தாச்சும்மா. காத்து.”

பதிவேட்டில் அடித்தல் திருத்தல் கூடாது என்பது நிலையத்தின் விதி. தவறு என்றால் எழுதியவரே தாளைக் கிழித்து, புதுத் தாளில் தன் கையால் எழுதிக் கையெழுத்திட வேண்டும். அவள் பேனாவை எடுக்கவில்லை. அவர் குனிந்து, குரலைத் தாழ்த்தினார்.

“நிரந்தரம் பண்ற பட்டியல் நாளைக்கு மேலிடத்துக்குப் போகுது. உன் பேரு அதுல இருக்கு. காத்துன்னு எழுதிட்டுப் போயேன்.”

எழுதினாள். பழைய தாளை அவளே இயந்திரத்தில் விட்டுத் துண்டாக்கினாள்.

பட்டியல் மேலே மூன்று மாதம் கிடந்தது. அது திரும்புவதற்குள் செவ்வாயைச் சுற்றும் விண்கலம் ஒரு படம் அனுப்பியது. சிவந்த மண்ணில் புதிதாக ஒரு கரும்பள்ளம். கணக்கிட்டால் அதே இடம், அதே நாள். கூட்டத்தில் தலைவர் எழுந்தார்.

“எனக்கு அன்னிக்கே சந்தேகம். இங்க ஒருத்தங்க காத்துன்னு எழுதிட்டாங்க.”

மேலதிகாரி பதிவேட்டைப் புரட்டினார். “இது உங்க கையெழுத்துதானே?”

“ஆமா சார். ஆனா...”

“கண்ணு முன்னால விழுந்த கல்லயே காத்துங்கறீங்க. உங்கள எப்படி நிரந்தரம் பண்றது?”

அன்று கூடத்தில் சிரித்த பதினொரு பேரும் அங்கே இருந்தார்கள். ஆளாளுக்கு மேசையைப் பார்த்தார்கள்.

ஒப்பந்தம் அந்த மாதத்தோடு முடிந்தது. கடைசி நாளில் பள்ளத்தின் படத்தைச் சட்டம் போட்டுத் தலைவரே அவள் கையில் கொடுத்தார். “எங்க ஞாபகமா வெச்சுக்கோம்மா.” பின்னால் யாரோ கைதட்டினார்கள்.

அண்ணி படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இது என்னடி, வெறும் பள்ளம்?”

“ஆமா, அண்ணி.”

கட்டிலுக்கு மேலே சுவரில் காரை பெயர்ந்த இடம் ஒன்று இருந்தது. அண்ணி ஆணி அடித்து, படத்தை அதன்மேல் மாட்டினாள். தள்ளி நின்று பார்த்தாள்.

“இதுக்காவது ஆச்சே” என்றாள்.