சடக் சத்தம் கேட்கப் போன முதுகு

சமீபத்தில் என் முதுகு எங்கள் தெருவின் பொதுச் சொத்தாகிவிட்டது. வலி என்று சொன்னதுதான் தாமதம்... ஆளாளுக்கு வைத்தியம். வல்லத்திராக்கோட்டையிலிருந்து வந்த சகலை கொள்ளு ரசம் என்றார். எதிர் வீட்டு ஹெட்மாஸ்டர், நான் குப்புறப் படுத்தால் தானே ஏறி மிதிப்பதாக முன்வந்தார். ஆள் நல்ல வாட்டசாட்டம். மனசும் பெரிசு.

கடைசியில் ஜெயித்தது என் மைத்துனன் செந்தில். துபாயிலிருந்து லீவில் வந்திருந்தான். அங்கே கைரோபிராக்டர் என்று, எலும்பைக் கையாலேயே சரிசெய்கிற ஒருவர் அவன் கழுத்தை ஒரு திருப்பு திருப்ப, 'சடக்' என்று சத்தம் வந்து வலி போய்விட்டதாம். அன்றிலிருந்து அந்தச் சத்தத்துக்கு அவன் சம்பளமில்லாத விளம்பரத் தூதர். போன் முழுக்க அதே வீடியோக்கள். ஆள் படுப்பார்... சடக்... எழுந்து ஆனந்தக் கண்ணீர் விடுவார்.

"ஒரு சடக்கு மச்சான், அம்புட்டுத்தான். பொறவு நீங்க பாட்டுக்கு ஓடலாம்" என்றான்.

புதுக்கோட்டையில் அப்படி ஒரு கிளினிக் புதிதாகத் திறந்திருந்தார்கள். அப்பாயின்ட்மென்ட்டை அவனே வாங்கினான். என் கண்ணீரைப் படம்பிடிக்கக் கூடவே வந்தான்.

உள்ளே ஓர் இளம்பெண். வெளிநாட்டில் இதற்கென்றே படித்தவர். நான் சட்டைப் பட்டனில் கை வைக்க, உட்காரச் சொன்னார். அப்புறம் கேள்விகள். எப்போது வலிக்கிறது? இருமினால் கூடுகிறதா? கீழே விழுந்ததுண்டா? என்ன மாத்திரை சாப்பிடுகிறேன்? என் மாமனார்கூடப் பெண் கொடுக்குமுன் இவ்வளவு விசாரிக்கவில்லை. விசாரித்திருந்தால் கொடுத்திருக்க மாட்டார் என்பது வேறு விஷயம்.

செந்தில் கொட்டாவி விட்டான். அப்போதுதான் அவர் கேட்டார்:

"நடக்கையில செருப்பு தானா கழண்டு போகுதுங்களா சார்?"

போகிறது. வலது கால் செருப்பு. அதற்காகக் கடைக்காரரிடம் சண்டை போட்டு வேறு ஜோடி மாற்றியிருந்தேன். செருப்பு கழன்றால் செருப்பைத்தானே சந்தேகப்பட வேண்டும்?

குதிகாலால் நடந்து காட்டச் சொன்னார். இடது பாதம் சொன்னபடி கேட்டது. வலது பாதம் எழும்பவே இல்லை. நான் தூக்குகிறேன்... அது தரையிலேயே கிடக்கிறது. ஊரையே கிண்டல் செய்கிற நான், சுவரைப் பிடித்துக்கொண்டு இன்னொரு தடவை முயன்றேன். இனி இந்தக் கால் இப்படித்தானா?

முழங்காலில் சின்னச் சுத்தியலால் தட்டினார். பாதத்தில் தொடுவது தெரிகிறதா என்றார். சிறுநீர் சரியாகப் போகிறதா என்றும் கேட்டார். பிறகு நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"நரம்பு அழுந்துற மாதிரி தெரியுதுங்க. நான் முதுகுல கை வச்சா இன்னும் மோசமாயிரலாம். இன்னிக்கே நரம்பு டாக்டரப் பாத்துருங்க, தள்ளிப் போடாதீங்க."

செந்திலுக்கு மனசு கேட்கவில்லை. "லேசா ஒரே ஒரு சடக்கு மட்டும் எடுத்து விடுங்களேன் மேடம்" என்றான் — டீக்கு இன்னும் கொஞ்சம் சர்க்கரை கேட்பதுபோல. அவர் பார்த்த பார்வையில் போன் பைக்குள் போனது.

அன்றே திருச்சிக்குப் போனோம். வழியெல்லாம் செந்தில் போனிலிருந்த சடக் வீடியோக்களை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டு வந்தான். கிளினிக் பெண்ணின் சாதனைகளில் அதுவும் ஒன்று. ஸ்கேனில், முதுகெலும்பின் ஜவ்வு விலகி நரம்பை நெரித்துக்கொண்டிருப்பது தெரிந்தது. ஆபரேஷன் ஆனது. இன்னும் தாமதித்திருந்தால் பாதம் திரும்பியிருக்குமா என்பது சந்தேகம் என்றார் டாக்டர். யாராவது ஏறி மிதித்திருந்தால்? கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் பாதம் எழும்பியது. முதன்முதலாகக் கட்டைவிரல் அசைந்தபோது மனைவி அழுதாள். நானும்தான்.

அந்த மாதிரி கிளினிக்குக்கு முதல் தடவை போனால் என்ன செய்வார்கள் என்று இப்போது ஆளாளுக்கு என்னிடம் கேட்கிறார்கள். கேட்பார்கள், தட்டுவார்கள், நடக்க விட்டுப் பார்ப்பார்கள். எதுவுமே கேட்காமல் நேராகக் கழுத்தைப் பிடிக்க வருகிறாரா? எழுந்து வந்துவிடுங்கள்.

தொட மாட்டேன் என்று சொல்லத் தெரிந்தவரிடம்தான், தைரியமாக முதுகைக் காட்டலாம்!