மல்லிகா ஆன்டி கண் திறந்த கதை

கேமராவைத் தூக்கிக்கொண்டு கல்யாண வீடுகளில் அலைகிற தொழில் இருக்கிறதே, அதில் மாப்பிள்ளையின் நண்பர்களைக்கூடச் சமாளித்துவிடலாம், பெண்ணின் அம்மாவைச் சமாளிக்க முடியாது. கைப்பேசியில் குடும்பப் படம் எடுத்துத் திண்டாடியவர்களே, என் கஷ்டம் உங்களுக்காவது புரியும்.

விசா படம்

மலேசியாவில், ஜொகூர் மாநிலத்து உலு திராமில் இருக்கும் என் ஸ்டூடியோவுக்கு மகள் கவிதாவோடு வந்தார் மல்லிகா ஆன்டி. கல்யாணப் புடவை எடுக்க இந்தியா போக வேண்டும், விசாவுக்குப் படம் வேண்டும். ஃபிளாஷ் மின்னியதும் கண்ணை மூடினார். "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணினால் ரெண்டிலேயே மூடிக்கொண்டார். எண்ணாமல் எடுத்தால் சத்தம் கேட்டு மூடினார். கடைசியில் பயந்துபோய் முழித்த படம் ஒன்று தேறியது. எனக்கு வியர்த்துக் கொட்டியது, ஆன்டி நிதானமாகக் கேட்டார்:

"கண்ணு மூடியிருந்தா என்ன தம்பி, நான்தான்னு தெரியுதுல்ல?"

மகளின் கண்டிஷன்

ஆன்டி வெளியே போனதும் கவிதா குரலைத் தாழ்த்தினாள். வீட்டில் உள்ள படங்களில் பாதியில் அம்மா கண்ணை மூடியிருக்கிறாராம், மீதியில் ஆளையே காணோமாம். கல்யாணம் முடிந்ததும் அவள் சிங்கப்பூரில் குடியேறப் போகிறாள். கண்ணைத் திறந்து சிரிக்கிற அம்மா படம் ஒன்று வேண்டும், மற்றதெல்லாம் எப்படி வந்தாலும் பரவாயில்லை என்றாள். சிங்கப்பூர் இங்கிருந்து கடல் பாலத்துக்கு அந்தப் பக்கம்தானே என்று கிண்டலடிக்க வாயெடுத்தேன். அவள் கண் கலங்கியிருந்தது, எனக்கும் என்னவோ போலாகிவிட்டது.

நலுங்கு அன்று, பெர்மாஸ் ஜெயாவில் இருக்கும் அவர்கள் வீட்டில் ஆன்டியைத் துரத்தினேன். கேமராவைத் தூக்கினால் தாம்பாளத்தைத் தூக்கி முகத்தை மறைத்தார். இல்லையென்றால் யாரையாவது பிடித்து முன்னால் நிறுத்தினார். கெஞ்சியும் பார்த்தேன்.

"அலமாக், என்னைய எடுத்து என்ன செய்யப் போறீங்க? பொண்ண எடுங்க லா, அவளுக்குத்தான் மேக்கப் போட்டிருக்கு!"

தாலிக்கு அடுத்த நொடி

ஜொகூர் பாருவில் கோயில் மண்டபம். கெட்டிமேளம் தொடங்கியதும் கைப்பேசிகள் எல்லாம் எழுந்தன. மாமா ஒருவர் டேப்லட்டோடு குறுக்கே வர, அவர் கைக்கு அடியில் புகுந்து தாலி கட்டுவதை எடுத்தேன். உடனே ஃபிளாஷை அணைத்துவிட்டு ஆன்டி பக்கம் திரும்பினேன். எல்லோரும் அட்சதை போட்டுக்கொண்டிருக்க, அவர் மகளையே பார்த்தபடி, கண்ணை அகலத் திறந்து, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். கன்னத்தில் கண்ணீர். எடுத்துவிட்டேன்.

அங்கேயே கேமராத் திரையில் காட்டினேன். கவிதா மாலையோடு எட்டிப் பார்த்து, "அம்மா" என்று அழுதுவிட்டாள். ஆன்டி தன் முகத்தைப் பார்க்கவே இல்லை. படத்தில் நெஞ்சோடு இறுக்கிப் பிடித்திருந்த தன் கையைத்தான் பார்த்தார். பிறகு கையை விரித்தார். மஞ்சளரிசி அப்படியே இருந்தது.

"ஐயோ தம்பி, நான் அட்சதையே போடல! மாப்பிள்ளைய இன்னொரு தடவ கட்டச் சொல்லுங்க!"

நான் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான், ஆனால் ஆன்டியைப் பொறுத்தவரை அது இன்றைக்கும் அட்சதை போடாத குற்றத்துக்குச் சாட்சி, அவ்வளவே.