பீபிஜெமாலின் தங்கப் பற்கள்

துர்க்மேனிஸ்தானில் பருத்தி வயலை ஒட்டிய ஒரு சிற்றூர். அங்கே மருத்துவமனையில் தாதி வேலை பார்த்தாள் பீபிஜெமால். வயது ஐம்பத்தொன்று. மூன்றாவது பிரசவத்தில் மேல்பற்கள் நான்கு விழுந்துவிட்டன. அந்த இடத்தில் தங்கப் பற்கள்.

அரசு ஊழியர் வாயில் தங்கம் இருக்கக் கூடாது என்று நாட்டின் தலைவர் ஆணையிட்டார். பிடுங்கினால் ரொட்டியை எதால் மெல்லுவது? பிடுங்காவிட்டால் வேலை போகும். ஏற்கெனவே அவர் மாதப் பெயர்களை மாற்றியதில், அடுத்த தடுப்பூசிக்கு எந்த மாதம் எழுதுவதென்று தெரியாமல் அவள் குழம்பிக் கிடந்தாள்.

வாய்களைச் சோதிக்கத் தலைநகரிலிருந்து சப்பார் என்ற இளம் அதிகாரி வந்தான். தன் முறை வந்ததும் பீபிஜெமால், என்ன செய்கிறோம் என்று யோசிக்காமலே, தலைத்துணியின் நுனியை இழுத்துக் கடித்துக்கொண்டாள். அந்த ஊர் வழக்கப்படி மாமனார் முன்னால் மருமகள் செய்வது அது. கடித்தால் பேசக் கூடாது. அவராக அனுமதி தரும்வரை எடுக்கவும் கூடாது.

"வாயத் திறங்கம்மா."

அவள் தலைகுனிந்தாள். பக்கத்தில் தரை துடைத்துக்கொண்டிருந்த மாரல்தான் பேசினாள். "பெரியவங்க முன்னால அக்கா பேச மாட்டாங்க."

"யாரு பெரியவங்க? இவங்களுக்கு என் அம்மா வயசு!"

"தலைவர் நம்ம எல்லாருக்கும் அப்பா, அக்கா புருஷனுக்கும்தான். நீங்க அவர் அனுப்பின ஆளு. அப்ப மாமனார் முறைதானே? இல்லைங்கிறீங்களா?"

இல்லை என்று சொல்ல அவனுக்கென்ன பைத்தியமா? வியர்வையைத் துடைத்துக்கொண்டு தணிந்த குரலில் கேட்டான்: "இதுக்கு ஆணை ஏதும் வந்திருக்கா?"

"உங்களுக்கு இன்னும் வரலையா?"

'சரி' என்று குறித்துவிட்டு அவசரமாகப் போனான்.

மறுநாள் காலை பீபிஜெமால் வந்தபோது, டாக்டரம்மாவிலிருந்து சமையல்காரி வரை எல்லாப் பெண்களும் துணியைக் கடித்தபடி நின்றார்கள். ஊசி எந்தக் கையில் என்பதுகூடச் சைகையில் நடந்தது. அவள் மாரலை மூலைக்கு இழுத்தாள்.

"என்னடி இது?"

மாரல் வாயிலிருந்து துணியை எடுத்தாள். "ஆணை வந்திருக்குக்கா. வாசல்ல ஒட்டியிருக்கு. பொம்பளைங்க வேலை நேரத்துல வாய மூடிக்கணுமாம்."

"நேத்து நீயா சொன்னதுதானேடி?"

"நான் சொன்னது நேத்து. இது இன்னைக்கு. முத்திரையெல்லாம் இருக்கு."

பீபிஜெமால் போய் இரண்டு முறை படித்தாள். முத்திரை சரிதான். பல்லும் தப்பியது, வேலையும் தப்பியது. மதிய ரொட்டி பையில் இருந்தது. அதைத் தின்னத் துணியை எப்போது எடுக்கலாம் என்றுதான் எங்கும் போட்டிருக்கவில்லை.