கடலை விதைத்த காலி இடம்

களையெடுக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் கூட்டுப் பண்ணையின் தன்னார்வலர்களுக்குக் காய்ச்சல் வந்துவிடும். காலை ஆறு மணிக்கே வாட்ஸ்அப் குழுவில் ஒவ்வொருவராகத் தும்ம ஆரம்பிப்பார்கள். அறுவடை என்று செய்தி போட்டால் அதே ஆட்கள் தொப்பி, கூலிங்கிளாஸ், மாமியார் சகிதம் சென்னையிலிருந்து வந்து இறங்குவார்கள். மண்புழுவை உள்ளங்கையில் ஏந்திப் படம் எடுத்துக்கொண்டு, பையில் கத்தரிக்காயோடு திரும்பிப் போவார்கள்.

நான் மட்டும் என்ன வாழ்ந்தது? கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலையில் இருபது வருடமாக இரும்புக் கம்பியை அளந்து பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவன். இலையைப் பார்த்து இது வெண்டை, இது புளிச்சக்கீரை என்று சொல்லவே எனக்கு ஒரு வருடம் ஆயிற்று. இருந்தாலும் பண்ணைக்கு ஒருங்கிணைப்பாளர் நான்தான். கூட்டத்துக்கு வராதவர்களெல்லாம் சேர்ந்து, வந்திருந்த என்னைத் தேர்ந்தெடுத்தார்கள்.

தேர்வாய் கண்டிகை போகும் வழியில், ஏரிக்கு மழைத்தண்ணீர் ஓடிவரும் மேட்டில் இருக்கிறது எங்கள் பண்ணை. அரசுப் பாதுகாப்பில் உள்ள நிலம். கட்டடம் கூடாது, போர்வெல் போடக் கூடாது, உரமூட்டை உள்ளே வரக் கூடாது, ஒருமுறை நட்ட மரத்தைப் பிடுங்கக் கூடாது. இதற்கெல்லாம் தலையாட்டினால், பயிர் செய்ய வருடத்துக்கு ஒருமுறை அனுமதி கிடைக்கும்.

எங்களில் உண்மையாகவே விவசாயம் தெரிந்தவர் ஒருவர்தான். பக்கத்து ஊர்க்காரர், கம்பெனி கேன்டீனில் ஷிப்டு வேலை. என்னைவிட வயதில் சின்னவர், ஆனாலும் எல்லோருக்கும் அக்கா. அவர் வீட்டு நிலம் எப்போதோ கைமாறிப் போய்விட்டது. ஏர் பிடித்த குடும்பத்தில் இப்போது அவருக்கென்று மிஞ்சியது, பண்ணையில் அவர் பொறுப்பெடுத்துக்கொண்ட ஒரு துண்டு செம்மண் மேடுதான். அதில் வருடந்தோறும் வேர்க்கடலை போடுவார்.

விதைக்காக எடுத்துவைத்த காயை ஒரு வாரம் உட்கார்ந்து கையாலேயே உடைத்தார். மெஷினில் கொடுத்தால் அரை மணி நேரத்தில் முடிந்துவிடுமே என்று யோசனை சொன்னேன்.

“மெஷின்ல ஒடச்சா மேல்தோலு பூடும் சார். அப்பால எங்க மொளைக்கிறது?” என்றார்.

ஆடி மாதத்தில் ஒரு சனிக்கிழமை, மரம் நட வேண்டும் என்று ஒரு கம்பெனியிலிருந்து பஸ்ஸில் வந்தார்கள். எல்லோருக்கும் ஒரே பச்சையில் டீ-ஷர்ட், வாழைமரம் உயரத்துக்குப் பேனர், நூறு கன்றுகள், அண்டாவில் பிரியாணி. மேனேஜர் இறங்கியதும் கேட்டார், “காலி இடம் எங்க சார் இருக்கு?”

நான் அக்காவின் மேட்டைக் காட்டினேன். அதில் விதைப்புக்கு இன்னும் நாளிருக்கிறது என்ற நினைப்பு. புல் பூண்டு இல்லாமல் சமமாக, பார்க்க அழகாக இருந்தது. யாருமே வேலை செய்யாத நிலம் எப்படி அவ்வளவு சுத்தமாக இருக்கும் என்று என் இருபது வருட அனுபவ மூளைக்குத் தோன்றவில்லை.

மூன்றாவது குழியிலிருந்து வந்த மண்ணில் சிவப்பாக நாலைந்து பருப்பு கிடந்தது. குனிந்து எடுத்தேன். விதைத்தாகிவிட்டது என்று அந்த நொடியே புரிந்துவிட்டது. “நிறுத்துங்க” என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதற்குள் மேனேஜர் என் தோளில் ஜரிகைச் சால்வையைப் போர்த்திவிட்டார், எல்லோரும் கைதட்டினார்கள். என் ஐம்பத்திரண்டு வயதில் எனக்கு யாரும் சால்வை போர்த்தியதில்லை. வாயை மூடிக்கொண்டு சிரித்தேன். பிரியாணி வேகும் நேரத்துக்குள் நூறு குழியும் வெட்டி, நூறு கன்றும் நட்டு, மேட்டை ஒரு வழி பண்ணிவிட்டார்கள்.

சாயங்காலம் ஷிப்டு முடிந்து அக்கா வந்தார். வரப்பிலிருந்தே மேட்டைப் பார்த்தார்.

“யாரு சார் இந்த எடத்தக் காட்னது?”

“நான்தான் அக்கா. விதைச்சது தெரியாம...”

“நேத்து சாய்ந்தரம் வெதச்சி முட்சிட்டு குரூப்புல வாய்ஸ் போட்டேனே சார்.”

போனை எடுத்துப் பார்த்தேன். காலை வணக்க ரோஜாப் பூக்களுக்கும் முருங்கைக்கீரையின் மகிமைக்கும் நடுவில் அவர் குரல் பதிவு இருந்தது. எங்கள் குழுவில் ஒருவர்கூட அதைத் திறந்து கேட்டிருக்கவில்லை. தெரியாமல் நடந்துவிட்டது என்றே மறுபடியும் சொன்னேன். பருப்பைக் கையில் எடுத்த பிறகும் வாய் திறக்காததைச் சொல்லவில்லை.

கன்றுகளை எடுத்து வேலியோரம் மாற்றி வைக்கலாமா என்று அனுமதி கொடுக்கும் அலுவலகத்தில் போய்க் கேட்டேன். அதிகாரி ஃபைலிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“நட்டா நட்டதுதான் சார். ஒண்ணக்கூட அசைக்கக் கூடாது. காஞ்சு போச்சுன்னா அடுத்த வருஷம் மொத்தப் பண்ணைக்கும் அனுமதி கெடையாது.”

நட்டவர்கள் அதற்குப் பிறகு அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. மழைக்காலம் முடிந்து தை பிறந்ததும் கன்றுகள் வாட ஆரம்பித்தன. தண்ணீர் ஊற்றுவது பற்றிக் கூகுள் மீட்டில் இரண்டு மணி நேரம் விவாதித்தோம். கன்றுக்கு மன உளைச்சல் இல்லாமல் நீர் வார்ப்பது எப்படி என்று ஒருவர் படம் போட்டு விளக்கினார். முறைப்பட்டியல் தயாரானது. முதல் ஞாயிறு மூன்று பேர் வந்தார்கள். அடுத்த ஞாயிறு காய்ச்சல் வந்துவிட்டது.

அன்று நான் போனபோது அக்கா குட்டையிலிருந்து குடத்தில் தண்ணீர் எடுத்துத் தலையில் சுமந்து கன்றுகளுக்கு ஊற்றிக்கொண்டிருந்தார். அவருடைய கடலையை அழித்த கன்றுகள். நீங்கள் ஏன் இதைச் செய்ய வேண்டும் என்று கேட்டேன்.

“இது காஞ்சா மீதி எடமும் பூடும். அப்பால நான் எங்க போய் வெதைக்கிறது?” குடத்தை இறக்கிவைத்துவிட்டு, இடுப்பிலிருந்து போனை எடுத்துக் காட்டினார். கன்று நட்ட அன்றைக்கே கம்பெனிக்காரர்கள் எடுத்து எங்கள் குழுவுக்கு அனுப்பிய படம். ஜரிகைச் சால்வையோடு நான் நிற்கிறேன். விரித்த உள்ளங்கையில் நாலைந்து சிவப்புப் பருப்பு.

“வெதையக் கையில வச்சிக்கினே சிரிக்கிறியே சார்.”

அவர் என்னை ஒருமையில் பேசியது அதுதான் முதல் தடவை. ஆடியிலிருந்து தை வரை அவர் இதைத் தெரிந்துகொண்டேதான் என்னோடு பேசிக்கொண்டிருந்திருக்கிறார். எனக்கு வெட்கமாக இருந்தது.

போனை இடுப்பில் செருகிக்கொண்டு குடத்தை எடுத்தார்.

“அந்தச் சால்வ ஊட்லதான இருக்கு? நாளைக்கி எட்த்துக்கினு வா. சும்மாடு கட்டணும், தல வலிக்குது.”